சாம்பிளில் வராத இருவர்

என் கூட்டாளிக்கு,

இன்று காலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அவிச்ச கடலை வாசம் வந்தது. தள்ளுவண்டிக்காரர் அப்போதுதான் குண்டானின் மூடியைத் திறந்திருந்தார். உப்பும் மண்ணும் கலந்த அந்த ஆவி மூக்கில் ஏறியதும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். உன்னைத்தான். கடலை வாசம் வந்தால் பக்கத்தில் நீ இருப்பாய் என்று என் மூக்கு இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. நீ போய் இரண்டு வருடமாகிவிட்டது என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பக்கத்தில் நின்றது உன் மகள். ஒரு பொட்டலம் வாங்கி அவளிடம் கொடுத்தேன். உன்னைப் போலவே தோலை உரிக்காமல் பல்லால் கடித்து உடைக்கிறாள். "பெரியம்மா, நீங்களும் எடுத்துக்கங்க" என்றாள். உன்னைவிட எட்டு மாதம் இளையவள் நான், முறைப்படி சித்தி. என் தலை நரையைப் பார்த்துவிட்டு அவள் பெரியம்மாவாக்கிவிட்டாள். நீ இருந்தபோது இதைத் திருத்தச் சொன்னேன், நீ சிரித்தாயே தவிரத் திருத்தவில்லை.

நாங்கள் இருவரும் மார்பகப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஐம்பது தாண்டியாயிற்று, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி எத்தனையோ மாதங்கள். அடுத்த வாரம், மழை விட்டதும், தங்கை மகள் கல்யாணம் முடிந்ததும் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். எந்த நோயை நேரத்தோடு பார்க்கச் சொல்லி நீயும் நானும் ஊர் ஊராக அலைந்தோமோ, அதே நோய் நேரம் கடந்துதான் உன்னிடம் தெரிந்தது, உன்னைக் கொண்டும் போனது. அதைக் கிட்ட இருந்து பார்த்தவள் நான். அப்படியும் தள்ளிப்போட்டேன். தெரிந்தால் செய்துவிடுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறவர்கள் எல்லாரையும் ஒரு நாள் என் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட வேண்டும்.

அந்த வேலை நம்மிடம் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். கீழ ராஜ வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே நம் ஆய்வு மையம். மழை பெய்தால் மேசையை நகர்த்த வேண்டும். கிராமத்துப் பெண்கள் இலவச மார்பகப் பரிசோதனை முகாமுக்கு ஏன் வருவதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார்கள் சுகாதாரத் துறையினர். குடுமியான்மலைக்குத் தெற்கே ஒரு ஊரில் அப்போதுதான் ஒரு முகாம் நடந்து முடிந்திருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்திருந்தார்கள், வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள், பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, டாக்டரம்மா வந்தார். பெண்கள்தான் வரவில்லை. வந்த சிலரும் பிரஷர் பார்த்துக்கொண்டு சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரித்தேன். என் கேள்வித்தாள்கள் அழகாக இருக்கும், அதை நீயே ஒப்புக்கொண்டிருக்கிறாய். அதில் நடுநாயகமாக ஒரு கேள்வி: நீங்கள் ஏன் முகாமுக்கு வரவில்லை? கீழே கட்டங்கள். நேரமில்லை, பயம், தெரியாது, வெட்கம், மற்றவை. நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ ஏன் இன்னும் பல்லு டாக்டர்கிட்ட போகலை?" என்று கேட்டாய். அப்போது என் கடைவாய்ப் பல் ஒரு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது.

"நேரமில்லடி" என்றேன்.

"நேத்து சாயங்காலம் என்ன பண்ணுன?"

சீரியல் பார்த்தேன். அதைச் சொல்லாமல் உன்னை முறைத்தேன்.

"ஏன்னு கேட்டா எல்லாரும் ஒரு நல்ல காரணம் எடுத்துக் கொடுப்பாங்கடி. எப்பன்னு கேளு. எப்ப போனீங்க, யாரு கூட போனீங்க, வழியில யாரு பாத்தா. அதுல பொய் சொல்றதுக்கு ஆளுக்குப் பொறுமை இருக்காது" என்றாய். என் அழகான கட்டங்களின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாய். அன்று மதியம் நான் உன்னோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உன் டப்பாவிலிருந்து கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை எடுத்துக்கொண்டதைப் பேச்சில் சேர்க்கக் கூடாது.

அந்த ஊருக்குப் போனபோது கடலை பிடுங்கும் காலம். வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் பேனாவும் தாளுமாக நின்றேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் உட்கார்ந்து ஒரு கட்டுச் செடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாய். அரை மணி நேரத்துக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமியார், மழை, ரேஷன் கடை என்று பேச்சு எங்கெங்கோ போனது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று கண்ணைக் காட்டினேன். நீ எனக்கும் ஒரு கட்டுச் செடியைத் தூக்கிப் போட்டாய்.

"கையில வேலை இருந்தா வாய் தானா பேசும். கையில பேனாவைப் பாத்தா வாயும் ஆபீஸ் பாஷை பேசும்" என்று திரும்பும் வழியில் சொன்னாய். அதற்குள் நாம் வந்த காரியம் முடிந்திருந்தது. முடித்து வைத்தவர் மலர்க்கொடி அக்கா.

மலர்க்கொடி அக்காவுக்கு நோட்டீஸில் இருந்தது எல்லாம் தெரியும். கட்டி என்றால் என்ன, எங்கே பார்க்க வேண்டும், சீக்கிரம் பார்த்தால் குணமாகும் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். மற்ற பெண்களும் எடுத்துக் கொடுத்தார்கள். "அப்பறம் என்னக்கா?" என்று நான் வாயைத் திறந்தேன். நீ என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கடைசியா ஆஸ்பத்திரிக்கு எப்பக்கா போனீங்க?" என்று கேட்டாய்.

"சித்திரையில. காச்சலு."

"எப்பிடிப் போனீங்க?"

"நடந்துதான். ரோட்டு வரைக்கும் நடந்து, அங்கிட்டு இருந்து பஸ்ஸு."

"வழியில யாரைப் பாத்தீங்க?"

அக்கா சிரித்தார். "யாரைப் பாக்கலைன்னு கேளுங்க டீச்சர். டீக்கடை, ரேஷன் கடை, கோயிலு. எங்கிட்டு போற, எங்கிட்டு போறன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. காச்சல்னு சொன்னேன். போயிட்டு வான்னு விட்டாங்க."

நீ கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாய். அக்காவே மேலே பேசினார்.

"இந்த முகாமுக்குப் போனா என்னத்தைச் சொல்றது? நல்லாத்தான் இருக்கேன், சும்மா பாக்கப் போறேன்னா யாரு நம்புவா? என்ன டெஸ்ட்டுன்னு கேப்பாங்க. வாயத் தொறந்து இந்தா இங்கனன்னு சொல்ல முடியுமா? சாயங்காலத்துக்குள்ள எனக்குப் புத்துன்னு ஊரே முடிவு கட்டிரும். வீட்டுல ஒருத்தி கட்டிக்கொடுக்க இருக்கா. அவளை யாரு கேட்டு வருவா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எங்கிட்டு போறீங்க என்பது நம் பக்கம் கேள்வியே இல்லை, வணக்கம் சொல்வதுபோல. சாப்பிட்டீங்களா என்பதற்கு அடுத்தது அதுதான். கேட்பவர்களுக்குப் பதிலில் அக்கறை கிடையாது. ஆனால் பதில் இல்லாமல் அவர்களைக் கடந்து போகவும் முடியாது. ஒரு பெண்ணின் வீட்டுக்கும் முகாமுக்கும் நடுவில் இருந்தது ஒரு சின்னத் தெரு. அந்தத் தெரு முழுக்க அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தது. நாமும் அதைத் தினம் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், ஒரு தடவையும் கண்ணில் படவில்லை.

சித்தன்னவாசலுக்கு ரோடு பிரியும் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றபோது, விழிப்புணர்வுக் குறைவு என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேனே, அதை என்ன செய்வது என்று உன்னைக் கேட்டேன். "அடிச்சிரு. விழிப்புணர்வு இல்லைன்னு எழுதுறது நமக்கு வசதிடி, தப்பு அவங்க மேல போயிரும்" என்றாய். எனக்கு அந்தப் பத்தி பிடித்திருந்தது. அழித்துவிட்டேன்.

வழியும் மலர்க்கொடி அக்கா வாயிலிருந்தே வந்தது. அடுத்த முறை போனபோது, எந்தக் காரணம் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று நீ கேட்டாய். "துணைக்குப் போறேன்னு சொன்னா ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. அது புண்ணியக் காரியம்ல" என்றார். மறுநாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய். "ஒவ்வொருத்தியையும் இன்னொருத்திக்குத் துணையா கூப்பிடுவோம்டி" என்றாய். யாரையும் பரிசோதனைக்கு அழைக்கக் கூடாது. உங்கள் கூட்டாளிக்கு ஒரு துணை வேண்டும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு யோசனை பிடித்திருந்தது. ஆனாலும் என் குணம் தெரியுமே. பாதி ஊர்களில் பழைய மாதிரி நோட்டீஸ், பாதி ஊர்களில் துணை அழைப்பு என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்றேன். "நோட்டீஸ் ஊர்க்காரங்க என்னடி பாவம் பண்ணுனாங்க?" என்று நீ சண்டைக்கு வந்தாய். "கடலை வேலை முடிஞ்சதால வந்தாங்களா, நீ கூப்பிட்டதால வந்தாங்களான்னு ஒப்பிட்டுப் பாக்காம எப்பிடித் தெரியும்? தெரியாமலே ஜில்லா முழுக்கச் செய்யச் சொல்லுவியா?" என்று நானும் விடவில்லை. கடைசியில் உடன்பாடு ஆயிற்று. வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்ற ஊர்களுக்கும் உடனே கொண்டுபோக வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். ஊர்ப் பெயர்களைச் சீட்டு எழுதி உன் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். டப்பாவில் புளிக்குழம்பு வாசம் இருந்ததால் சீட்டுகளும் அப்படியே மணந்தன.

முகாம் நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பெண்கள் ஜோடி ஜோடியாக வந்து நின்றார்கள். டாக்டரம்மா மலர்க்கொடி அக்காவைப் பார்த்து, "யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டார். அக்கா பக்கத்து வீட்டு ராசாத்தியைக் கையைக் காட்டினார். ராசாத்தி அக்காவைக் காட்டினாள். "நான் துணைக்குத்தான் வந்தேன்." "இல்ல மேடம், நான்தான் இவங்களுக்குத் துணைக்கு வந்தேன்." பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நோயாளி கூட இல்லை, எல்லாரும் துணைதான். டாக்டரம்மாவுக்குத் தலை சுற்றியது. "சரி, துணைக்கு வந்தவங்க எல்லாம் உள்ள வாங்க" என்றார். எல்லாரும் உள்ளே போனார்கள்.

ராசாத்திக்குக் கடலைப் பருப்பு அளவில் ஒரு கட்டி இருந்தது. நேரத்தோடு தெரிந்ததால் எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், கோபம் வந்தால் அவள் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும் என்று மலர்க்கொடி அக்கா சொன்னார். வருடா வருடம் கடலை பிடுங்கியதும் ஒரு பை எனக்குக் கொடுத்துவிடுகிறாள். உனக்கும் சேர்த்து ஒரு பை இன்னமும் வருகிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது எனத் தெரியாமல் வாங்கிக்கொள்கிறேன்.

அன்று எல்லாம் முடிந்து மேசையை மடக்கும்போது டாக்டரம்மா நம் இருவரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் வாங்களேன், அஞ்சு நிமிஷந்தான்" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கடலைத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டே, "நாங்க சாம்பிள்ல வரமாட்டோம் மேடம்" என்றாய். டாக்டரம்மா சிரித்தார், நான் சிரித்தேன், நாற்காலி தூக்கியவரும் சிரித்தார். நல்ல பதில் அது. ஆய்வு செய்கிறவர்கள் ஆய்வில் சேர மாட்டார்கள் என்பது நம் பாடத்தில் முதல் வருடமே வந்துவிடும். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அப்போதே உனக்குள் அது இருந்திருக்கும் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பின் ஒரு நாள், அதே விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கையில், "ஒரு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரணும்டி" என்றாய்.

"எதுக்கு?"

"சும்மாதான். கழுத்து வலி."

"தலைகாணியை மாத்து" என்றேன். பஸ் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய், கழுத்து வலி, இடுப்பு வலி என்று பெண்கள் சொன்னால் பின்னால் வேறு ஏதோ இருக்கும் என்று எழுதிவைத்தவர்கள் நாம் இருவரும். அந்தப் பதிலையே எடுத்து நீ என்னிடம் சொன்னாய். மலர்க்கொடி அக்கா சொல்லியிருந்தால் நான் கடலைச் செடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ சொன்னதால் தலையணையை மாற்றச் சொன்னேன். அதற்காக என்னை நொந்துகொண்டது போதும் என்று உன் மகள் சொல்கிறாள். சரி, அதை விடு. ஆனால் உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் தீரவில்லை. ஊருக்கெல்லாம் ஜோடி பிடித்துக் கொடுத்தவளுக்கு எதிர் மேசையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தது தெரியவில்லையா?

உன் கணவர் சார்ஜாவில், மகள் ஹாஸ்டலில், வீட்டில் நீயும் மாமியாரும். அறிக்கை முடியட்டும், தீபாவளி போகட்டும், அவர் லீவில் வரட்டும் என்று நீ நாளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாய். தெரிய வந்தபோது டாக்டர்கள் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அந்த மத்தியானம் ஜன்னல் வழியாக நல்ல வெயில். உன் தலையில் துணி கட்டியிருந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கையைத் தூக்கினாய்.

"ஏன் போகலைன்னு மட்டும் கேக்காத."

"கேக்கலை."

"எப்ப போகணும்னு நெனச்சேன்னு கேளு."

கேட்டேன். நீ மெதுவாகச் சொன்னாய். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைத்தாய். சேலை கட்டிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் வந்திருக்கிறாய். மாமியார் முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்து, "எங்கிட்டும்மா போற?" என்று அன்பாகத்தான் கேட்பாராம். "பதில் வரலைடி. ஆபீசுக்குன்னு சொல்லிருவேன். சொன்னப்பறம் ஆபீசுக்குத்தானே வரணும், வந்துருவேன். நீ எனக்கு முன்னாடியே வந்து கணக்கு டேபிள் போட்டுக்கிட்டு இருப்ப." சிரிக்கப் பார்த்தாய், இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் சொன்னாய்: "நம்ம ஆராய்ச்சி சரிதாண்டி. என்னையும் சாம்பிள்ல சேத்துக்க."

உன்னைச் சேர்க்கவில்லை. அறிக்கை அதற்கு முன்பே போய்விட்டது. உன் காரியத்துக்கு அந்த ஊர்ப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே வந்தார்கள். பழக்கமாகிவிட்டது.

துணை அழைப்பு இப்போது வேறு ஒன்றியங்களிலும் நடக்கிறது. உனக்குச் சத்தியம் செய்தபடி நோட்டீஸ் ஊர்களுக்கெல்லாம் முதலில் கொண்டுபோனேன். பயிற்சிக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். மருந்தும் மிஷினும் கண்டுபிடிப்பவர்கள் வேறு, அந்த மிஷின் இருக்கும் இடத்துக்கும் மனுஷிக்கும் நடுவில் உள்ள தெருவைப் பார்ப்பதுதான் நம் வேலை என்று சொல்கிறேன். கை தட்டுகிறார்கள். போன வாரம் ஒரு பெண் எழுந்து, "தெரிஞ்சவங்களுக்கும் இந்தத் தடை இருக்குமா மேடம்?" என்று கேட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு, இருக்கும் என்றேன். டீ பிரேக் விட்டுவிட்டார்கள்.

அந்த வாரம்தான் உன் மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அம்மாவுக்கு இருந்ததால் தானும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகவும், சனிக்கிழமை வருவதாகவும் சொன்னாள். "துணைக்கு வர்றீங்களா பெரியம்மா?" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்கு நம் ஆராய்ச்சியின் விவரமெல்லாம் தெரியாது. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். வருகிறேன், நானும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். புதுக்கோட்டையிலேயே பார்க்கலாம், நான்தான் திருச்சி என்றேன். இங்கே தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? ஆமாம், நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எந்தப் புத்தகத்தையும் போல இதிலும் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்புவாய். இருவருக்கும் ஒன்றுமில்லை. அவள் வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கூட்டிப்போக நான் இருக்கிறேன்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. பஸ்ஸில் நடந்ததற்காக.

மூன்று பேர் சீட்டில் அவள் ஜன்னலோரம், நான் நடுவில். இந்தப் பக்கம் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும், மடியில் ஒரு மஞ்சப்பை. பஸ் கிளம்பி டவுனைத் தாண்டியதும் திரும்பினாள்.

"எங்கிட்டு போறீங்க ரெண்டு பேரும்?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. இவளுக்குத் துணைக்குப் போறேன். எத்தனை பெண்களுக்கு நாம் எடுத்துக் கொடுத்த பதில், எனக்கு எடுத்துக்கொள்ள முடியாதா? நான் சொல்வதற்குள் உன் மகள் கடலைத் தோலைப் பொட்டலத்தில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குங்க. மார்புல கட்டி எதுவும் இருக்கான்னு பாக்கப் போறோம்."

குரலைத் தாழ்த்தவில்லை. முன் சீட்டு ஆள் லேசாகத் திரும்பினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்டக்டர் வரக் கூடாதா என்று பார்த்தேன். அந்தப் பெண் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுவும் பண்ணுதா ஒங்களுக்கு?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலைங்க. எங்கம்மாவுக்கு இருந்துச்சு, லேட்டாத்தான் தெரிஞ்சுச்சு, இறந்துட்டாங்க. அதான் முன்னாடியே பாத்துக்குறோம்."

அந்தப் பெண் மஞ்சப்பையின் காதைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே கருவைக் காடும் செங்கல் சூளையும் போய்க்கொண்டிருந்தன. நான் உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்விக்கு ஒரு நல்ல பதிலைச் செய்து கொடுத்தோம் நாம், அதனால் ராசாத்தி பிழைத்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உன் மாமியார் முற்றத்தில் இருந்து கேட்டபோது, இப்படி நேராக ஒரு வார்த்தை உன் வாயில் வந்திருக்கக் கூடாதா? நீ பெற்ற பெண்தானே இவள். உன்னிடம் வராத வார்த்தை இவளுக்கு எங்கிருந்து வந்தது? உன்னை இழந்ததிலிருந்து வந்தது என்றால் அது எனக்கு வேண்டவே வேண்டாம்.

கீரனூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் என் பக்கம் குனிந்தாள். முன் சீட்டு ஆளுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அது எங்கன பாக்குறாங்க? எந்தக் கெழம?"

எந்தக் கிழமை. நீ கேட்கச் சொல்லிக் கொடுத்த மாதிரிக் கேள்வி, அது என்னிடமே வந்தது. புதுக்கோட்டையிலேயே பார்ப்பார்கள், புதன்கிழமை வரலாம் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பஸ் நின்றது. எழுந்தவள் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"வீட்டுல சொல்லிட்டு வரணும். தனியா எப்பிடி" என்றாள்.

அவளுக்கு என்ன வலி, எத்தனை நாளாக, ஏன் இன்னும் போகவில்லை, ஒன்றும் நான் கேட்கவில்லை. என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

"நான் வாரேன்" என்றேன்.

அந்த விலக்கில், பஸ் வருவதற்கு முன்னால், உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இவ்வளவுதான் கூட்டாளி. வரும் புதன்கிழமை காலையில் அவளோடு போகிறேன்.